பாலம் அமைத்த பெருந்தகை

ஓர் ஊரின் வளம் அவ்வூரிலுள்ள மாளிகைகளின் உயரத்தால் அளக்கப்படுவதன்று. செல்வரும் வறியரும் ஒப்ப நடக்கும் வழி, ஒப்பப் பருகும் நீர், ஒப்பக் கடக்கும் பாலம் ஆகியவை செவ்வையாக உள்ளனவா என்பதே அதற்கு உரிய அளவுகோலாகும். இவை தனி ஒருவருக்கு உரியவை அல்ல. ஆதலின், இவற்றை அமைக்க முன்வருவோர் சிலர். அமைத்தபின் காக்க முன்வருவோர் அவரினும் சிலர். அமைத்தல், காத்தல் என்னும் இரண்டனையும் எண்ணிப் பார்த்துச் செய்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூருக்குச் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில், மாகறல் என்னும் ஊர் உள்ளது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பழம்பதி அது. கோடையில் செய்யாறு வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். சிறுவர் அம்மணலில் ஓடி விளையாடுவர். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகினாலோ, அதே ஆறு கடத்தற்கு அரிய அகழியாகிவிடும். பாலம் இல்லாத இடத்தில், இக்கரையில் நிற்கும் உழவன் அக்கரையிலுள்ள தன் வயலைக் கண்ணால் காணலாம். காலால் அடைய இயலாது. ஆற்றங்கரை ஊரார்க்குப் பாலத்தின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அதே வழியில் மேலும் தெற்கே சென்றால் உத்தரமேரூரை அடையலாம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அவ்வூர்க் கோயிற்சுவரில் இன்றும் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், குடவோலை வழியாக வாரியப் பெருமக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவற்றால் அறியப்படுகின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே அறுவர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று இருந்தது. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாது விட்டவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு உரியர் ஆகார் என விதி வகுக்கப்பட்டது. அக்காலத்தில் செல்வர் சிலர், ஊர்ச் சபையிடம் பொன்னை முதலாக வைத்து, அதன் பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் தூர் வாரச் செய்தனர். பொலிசை என்பது வட்டி. கொடுப்பவர் ஒருவர், காப்பவர் ஊரார், பயன் பெறுவோர் எல்லோரும். இதுவே நம் முன்னோர் கண்ட முறை.

அந்த முறையின் உட்பொருளை, கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர், சென்னை மாநகரத்தில் செய்து காட்டினார். அவர் பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். கோஜா என்பது பெருவணிகர்க்கு வழங்கிய மதிப்புப் பெயர். அவர் ஆர்மீனிய இனத்தவர்.

ஆர்மீனியா என்பது காக்கசு மலைத்தொடருக்குத் தெற்கே உள்ள நாடு. அந்நாட்டின் ஆராசு ஆற்றங்கரையிலிருந்த ஜுல்பா என்னும் வணிக நகரத்து மக்களை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீக மன்னர் ஷா அப்பாசு தம் தலைநகரான இசுபகானுக்கு அருகே குடியேற்றினார். பிறந்த மண்ணை இழந்த அம்மக்கள் தாம் குடியேறிய புதிய இடத்துக்கும் ஜுல்பா என்றே பெயரிட்டனர். பட்டு வாணிகத்தில் அவர்கள் தலைசிறந்து விளங்கினர். ஐரோப்பா முதல் கீழ்த்திசைத் தீவுகள் வரை அவர்களுடைய வாணிகம் பரவியது.

அந்த ஜுல்பாவில், கி.பி. 1680-ஆம் ஆண்டை ஒட்டி உஸ்கான் பிறந்தார். ஜுல்பாவுக்கும் இசுபகானுக்கும் இடையே சாயந்தே என்னும் ஆறு ஓடுகிறது. அதன்மீது 33 வளைவுகளை உடைய அழகிய பாலம் ஒன்று, ஷா அப்பாசின் காலத்திலேயே கட்டப்பட்டது, இன்றும் நிலைபெற்றுள்ளது. அப்பாலத்தின்மீது பலகாலும் நடந்து வளர்ந்த சிறுவனது உள்ளத்தில், ஆற்றைக் கடக்கும் வழியே ஒரு நகருக்கு உயிர்நாடி என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கும் என நாம் கருதுவது பிழையாகாது.

ஆர்மீனியர் சென்னைக்கு வந்து தங்குவதற்கு வழி முன்னரே திறந்திருந்தது. கி.பி. 1688-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆர்மீனிய வணிகரோடு உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனர். அதன்படி, கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட நகரங்களில் ஆர்மீனியர் ஆங்கிலேயரைப் போலவே குடியிருக்கவும், வாணிகம் செய்யவும், தம் சமயத்தைப் பின்பற்றவும் உரிமை பெற்றனர். அவர்கள் வாழ்ந்த சுவடு சென்னையில் இன்றும் உள்ளது. ஆர்மீனியன் தெரு என்பது மக்கள் நாவில் அரண்மனைக்காரத் தெரு எனத் திரிந்து வழங்குகிறது. அத்தெருவிலுள்ள ஆர்மீனியர் திருக்கோயில் கி.பி. 1772-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்றது. உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழும் கி.பி. 1794-ஆம் ஆண்டில் சென்னையிலேயே அச்சாயிற்று.

உஸ்கான், பிலிப்பைன்சுத் தீவிலுள்ள மணிலா நகரத்தோடு நடந்த வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். மணிலா அக்காலத்தில் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயர் நேரே அங்குச் சென்று வாணிகம் செய்ய ஸ்பானியர் இடம் தரவில்லை. ஆர்மீனியருக்கு அத்தடை இல்லை. சோழமண்டலக் கரையின் துணிகள் அவர்கள் வழியாக மணிலாவுக்குச் சென்றன. அமெரிக்க நாட்டு வெள்ளி அங்கிருந்து சென்னைக்கு வந்தது. கி.பி. 1723-ஆம் ஆண்டை ஒட்டி உஸ்கான் சென்னையில் நிலையாகக் குடியேறினார். நகரத்தின் பெருஞ்செல்வருள் ஒருவராக எண்ணப்பெற்றார்.

அக்காலச் சென்னை, கடற்கரையிலிருந்த கோட்டையையும் அதனை அடுத்த குடியிருப்புகளையுமே பெரும்பாலும் கொண்டிருந்தது. கோட்டையிலிருந்து தென்மேற்கே பல கல் தொலைவில் அடையாறு குறுக்கிட்டது. இந்த ஆறு காஞ்சி நாட்டுக்கு அயலானதன்று. ஆதனூர் முதலிய ஏரிகளின் மிகைநீரும், செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரும் சேர்ந்தே அடையாறாக ஓடுகின்றன. கோடையில் மெலிந்து கிடப்பதும், மழைக்காலத்தில் திடீரெனப் பெருகுவதும் செய்யாற்றைப் போலவே அதற்கும் இயல்பு.

ஆற்றுக்குத் தென்கரையில் சின்னமலையும், அதற்கப்பால் பரங்கிமலையும் உள்ளன. இயேசு பெருமானின் மாணவருள் ஒருவராகிய தோமையர் இம்மலைகளில் வாழ்ந்தார் என்பது கிறித்தவர்களின் வழிவழி நம்பிக்கை. பரங்கிமலையின் உச்சியில் கி.பி. 1523-ஆம் ஆண்டிலேயே போர்த்துகேசியர் திருக்கோயில் எழுப்பினர். அங்கு வழிபடச் சென்ற அடியார்களும், தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஊர்களிலிருந்து சரக்கு கொண்டு வந்த வணிகரும், வழிப்போக்கரும் ஆற்றைக் கடந்தே ஆக வேண்டும். வெள்ளம் வந்தபோது வழி அடைபட்டது. அடியார்க்கு வழிபாடு தடைப்பட்டது; வணிகர்க்குச் சரக்கு தேங்கியது; ஏழைக்கு அன்றைய கூலி போயிற்று.

அந்த ஆற்றின் குறுக்கே பாலம் அமைக்க உஸ்கான் உறுதி பூண்டார். கம்பெனியார் வாணிகம் செய்து பொருள் ஈட்ட வந்தவர். தம் கோட்டைக்கு வெகு தொலைவிலிருந்த அவ்விடத்தில் பெரும்பொருள் செலவிட அவர்கள் முற்பட்டிலர். அரசு செய்யும் என உஸ்கான் காத்திருக்கவில்லை. அரசு செய்யாமைக்காக அதனைப் பழித்துக்கொண்டிருக்கவும் இல்லை. தம் சொந்தப் பொருளில் 30,000 வராகனைச் செலவிட்டார். ஒரு வராகன் பிற்காலத்தில் மூன்றரை ரூபாயாக மதிக்கப்பட்டது. அக்கணக்கின்படி அத்தொகை 1,05,000 ரூபாயாகும். கி.பி. 1726-ஆம் ஆண்டில், வளைவுகள் பல தாங்கிய பாலம் ஒன்று அடையாற்றின்மீது எழுந்தது. அவ்வாற்றின் குறுக்கே அமைந்த முதற் பாலம் அதுவே. அருகிலிருந்த மாம்பலத்தின் பெயரை ஆங்கிலேயர் மர்மலாங் எனத் திரித்து ஒலித்தமையால், அது மர்மலாங் பாலம் என வழங்கலாயிற்று.

பரங்கிமலையின் உச்சிக்கு ஏறிச் செல்லும் கற்படிகளையும் அவர் அமைத்தார். ஆற்றைக் கடந்து வந்த முதியவரும் நோயுற்றவரும் கரடுமுரடான மலைவழியில் ஏறி வருந்தாதிருக்க அப்படிகள் உதவின. ஒரு துன்பத்தைத் தீர்த்தவர், அதற்கடுத்து நிற்கும் துன்பத்தையும் உடன் கண்டு தீர்த்தார்.

பாலம் கட்டினார் என்பது ஒன்றே உஸ்கானின் பெருமையன்று. பொருளுள்ளவர் பலர் கட்டுவர். கட்டி முடித்த நாளில் கொடியும் தோரணமும் விளங்கும், கூட்டம் கூடும், புகழுரைகள் முழங்கும். பத்து ஆண்டு கழித்து ஒரு கல் பெயர்ந்தால், அதனை மீண்டும் பதிக்க யாரும் வாரார். சுண்ணாம்பு உதிரும், அவ்விடத்தில் ஆலஞ்செடி முளைக்கும், அதன் வேர் சுவரைப் பிளக்கும். பகைவரின் படை அழிக்காத கட்டடத்தைப் பேணாமை என்னும் பகை அழித்துவிடும். உஸ்கான் இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின், பாலத்தைப் பழுதுபார்த்துக் காப்பதற்கென 1,500 வராகனைத் தனி அறநிதியாக ஒதுக்கி வைத்தார். கட்டுவதற்கு ஆன செலவில் இஃது இருபதில் ஒரு பங்கு. தம் கைப்பொருளும் தம் வாழ்நாளும் தீர்ந்த பின்னரும் பாலம் நிற்க வேண்டும் என்று எண்ணியே அவர் இவ்வாறு செய்தார். ஏரியில் தூர் வாரப் பொன் வைத்த உத்தரமேரூர்ச் செல்வரின் கருத்தும், பாலம் காக்க வராகன் வைத்த இவ்வணிகரின் கருத்தும் ஒன்றே அன்றோ!

செல்வம் நிலையாதது என்பதற்கு உஸ்கானின் வாழ்வே சான்றாயிற்று. கி.பி. 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். லபூர்தொனே என்பவர் அப்படையின் தலைவர். துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநர். சென்னையின் பெருவணிகரைப் புதுச்சேரிக்கு வரவழைத்து அந்நகரின் வாணிகத்தைப் பெருக்க வேண்டும் என்பது பிரெஞ்சுக்காரரின் நோக்கம். உஸ்கானும் அவர்களைப் போலவே கத்தோலிக்க சமயத்தவர். தம் பக்கம் சேர்ந்தால் அவர் உடைமைக்குக் கேடில்லை என்னும் நிலை இருந்தது. அப்போது அவர் அறுபத்தைந்து வயதைக் கடந்த முதியவர். புதிதாகப் பொருள் ஈட்டும் வயதன்று அது. இருந்தும், தமக்கு வாழ்வளித்த நகரத்தைக் கைவிட அவர் இசைந்திலர். அதனால் அவருடைய உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டன. வீட்டிலிருந்த செல்வமும் சரக்கும் பிறர் கைக்குப் போயின.

இவ்விடத்தில் நாம் ஒன்று கருத வேண்டும். பூட்டி வைத்த பொருளைப் பகைவர் கொண்டு சென்றனர். பொதுநலத்துக்காகக் கொடுத்த பொருளோ பாலமாகி ஆற்றின்மீது நின்றது. படியாகி மலையின்மீது கிடந்தது. அதனைப் பறித்துச் செல்ல எவராலும் இயலவில்லை. ஈட்டிய செல்வத்துள் உண்மையில் எஞ்சியது, அவர் ஈந்த செல்வமே.

கி.பி. 1748-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் போர் ஓய்ந்தது. மறு ஆண்டில் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பிரெஞ்சுக்காரருக்குத் துணை நின்றிருப்பர் என்னும் ஐயத்தால், கத்தோலிக்கரையும் ஆர்மீனியரையும் கோட்டைக்குள் வீடு வைத்திருக்கலாகாது எனக் கம்பெனியார் வெளியேற்றினர். உஸ்கானின் உறுதியை அறிந்திருந்தமையால் அவருக்கு விலக்களித்தனர். எனினும், தம் இனத்தார் இடம்பெயர்ந்து செல்வதைக் கண்ட அவருக்கு அவ்விலக்கு முழு மகிழ்ச்சி தந்திராது.

கி.பி. 1751-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் உஸ்கான் இவ்வுலக வாழ்வை நீத்தார். வேப்பேரியில் அவர் பேணி வளர்த்த அன்னை மரியாளின் சிற்றாலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாலயம் பின்னர்ச் சீர்திருத்தக் கிறித்தவரிடம் சேர்ந்து, இன்று தூய மத்தியாசு ஆலயம் என வழங்குகிறது. அவர் விரும்பியவாறே, அவருடைய இதயம் மட்டும் பேழையொன்றில் வைக்கப்பெற்று, பிறந்த ஊராகிய ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது. உடலை வாழ்வளித்த ஊருக்கும் உள்ளத்தைப் பிறந்த ஊருக்கும் உரியதாக்கி அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபின் அவர் பாலம் நகரத்தின் போக்கையே மாற்றியது. பரங்கிமலையில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்தது. கோட்டையிலிருந்து அம்மலைக்குச் செல்லும் மவுண்டு சாலை சீர் பெற்று விரிந்தது. சாலையின் இருமருங்கும் தோட்ட வீடுகள் தோன்றின. சென்னை தென்மேற்கு நோக்கி வளர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவைச் சுற்றி வந்த தானியேல் என்னும் ஆங்கில ஓவியர், ஆர்மீனியப் பாலம் என்றே பெயரிட்டு அதனை ஓவியமாக்கினார். இன்று அச்சாலை அண்ணா சாலை எனப் பெயர் பெற்று நகரத்தின் தலையாய சாலையாக விளங்குகிறது. பாலம் முன்னே வந்தது. சாலை பின்னே வந்தது. நகரம் அச்சாலையைத் தொடர்ந்து வந்தது.

ஏறத்தாழ 240 ஆண்டுகள் பழைய பாலம் பயன்பட்டது. வண்டிகள் பெருகி, அகலம் போதாமையால், கி.பி. 1966-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் அரசு புதிய பாலம் அமைத்தது. அச்சாலை வழியே பரங்கிமலைக்கு அப்பாலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்த தனித்தமிழ்ச் சான்றோர் மறைமலையடிகளின் பெயரை அப்பாலம் தாங்கி நிற்கிறது. சைதாப்பேட்டையில், பாலத்தின் அருகே, ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பெற்ற கல் ஒன்று உஸ்கானின் பெயரையும் கொடையையும் இன்றும் உணர்த்துகிறது. நாள்தோறும் அவ்வழியே செல்லும் பல்லாயிரவருள் அக்கல்லை நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

கி.பி. 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து பெருநீர் திறக்கப்பட, அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டையில் பாலத்தின் வழியே போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நகரத்தின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்ல இயலாமல் மக்கள் தவித்தனர். உஸ்கான் பாலம் அமைப்பதற்கு முன்பு மழைக்காலந்தோறும் மக்கள் பட்ட துன்பத்தை, அந்நாளில் நகரத்தார் தாமே பட்டறிந்தனர்.

இக்காலத்தில் நகரங்களுக்கு வேண்டிய சாலை, குடிநீர், கழிவுநீர் வடிகால் ஆகியவற்றை அரசு தன் பொருளால் மட்டும் அமைத்தல் அரிதாகின்றது. ஆதலின், தனியார் தம் முதலைக் கொண்டு சாலை அமைத்து, சில ஆண்டுகள் சுங்கம் தண்டித் தம் பொருளை மீட்டுக்கொண்டு, பின்னர் அரசிடம் ஒப்படைக்கும் முறை பல இடங்களில் கையாளப்படுகிறது. இஃது உஸ்கான் செய்தது போன்ற கொடையன்று; ஒப்பந்தம். கொடையில் கொடுப்பவரின் உள்ளம் காவலாகும். ஒப்பந்தத்தில் தெளிவான விதியும் திறந்த கணக்குமே காவலாகும். அவை இல்லையாயின், பொதுமக்கள் கொடுத்த பொருள் யார் கைக்குச் சென்றது என்பதே தெரியாது போகும்.

நல்வழியில் அமைந்த ஒப்பந்தத்துக்குச் சான்று, பரங்கிமலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ள ஆலந்தூரிலேயே உண்டு. 1990-களின் பிற்பகுதியில், அந்நாளில் தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர், நிலத்தடி வடிகால் அமைக்க முற்பட்டது. நகராட்சியின் பொருள் போதவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை தருமாறு மக்களிடம் வேண்டியது. திட்டத்தின் பயனை எடுத்துரைக்கக் கேட்ட மக்கள் தொகை செலுத்தினர். அரசின் வழியே கடனும் கிடைத்தது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலைக் கொண்டு அமைத்து இயக்க உடன்பட்டது. இவ்வாறு நகராட்சியும் மக்களும் தனியாரும் கைகோத்து அப்பணியை முடித்தனர். கி.பி. 2011-ஆம் ஆண்டில் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. உஸ்கான் அமைத்த படிகளின்மீது நின்று நோக்கினால், அவ்வூர் நம் கண்முன் விரிந்து தோன்றும்.

உத்தரமேரூர் ஏரிக்கும், அடையாற்றுப் பாலத்துக்கும், ஆலந்தூர் வடிகாலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி உண்டு. ஆயினும் இம்மூன்றும் உணர்த்தும் பொருள் ஒன்றே. பொதுப்பணிக்குப் பொருள் தருவோர் வேண்டும். அதனை முறையாக நடத்தும் ஆட்சி வேண்டும். தமக்குரியது எனப் பேணும் மக்கள் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பணி நில்லாது.

எல்லோரும் 30,000 வராகன் ஈதல் இயலாது. ஊர்ப்பாலத்தின் கைப்பிடிச் சுவரைச் சிதைக்காதிருத்தலும், கால்வாயில் குப்பை கொட்டாதிருத்தலும், பழுதைக் கண்டவிடத்து உரியவர்க்கு அறிவித்தலும் எல்லோர்க்கும் இயலும். காத்தற்கென உஸ்கான் வைத்துச் சென்ற 1,500 வராகனுக்கு ஈடாக நாம் ஒவ்வொருவரும் செலுத்தத்தக்க பங்கு அதுவே. அயல்நாட்டில் பிறந்து, நம் நாட்டு ஆற்றின்மீது நமக்கு வழி அமைத்துத் தந்த அப்பெருந்தகையின் நினைவை, நம் ஊர்ப் பொதுப்பொருளைப் பேணுவதன் வாயிலாகப் போற்றுவோமாக.